பீவர் ஓடைக்கு ஒரு மணப்பெண்

எங்கள் வீட்டில் பெண் பிறந்தால் என் அண்ணன் பகோஸ்லாவ் முதலில் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆற்றின் எதிர்க்கரையைத்தான் பார்ப்பார். அந்தக் கரையில் யார் கோட்டை கட்டியிருக்கிறான், அவனுக்குப் பையன் உண்டா, பையன் இல்லாவிட்டால் அவனே பெண்டாட்டியை இழந்து நிற்கிறானா, இப்படிப் போகும் அவர் யோசனை. எங்கள் அப்பாவும் அப்படித்தான். என்னை முதல் தடவை ஓர் ஆற்றுத்துறைக்காகக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மனுஷன் குதிரையிலிருந்து விழுந்து செத்த பிறகு, இரண்டாம் தடவை ஒரு காட்டின் தேன் உரிமைக்காகக் கொடுத்தார்கள். அவரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, லிபினிக் கோட்டையின் சமையல்கட்டையும் சாவிக்கொத்தையும் பிடித்துக்கொண்டேன். மிலோஹ்னா வருகிறாள் என்றால் லிபினியில் நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை.

இந்த முறை அண்ணன் மகள் நவோயாவின் தலையில் வந்து விடிந்தது. காரணம், பீவர்.

பீவர் தண்ணீரில் குடியிருக்கும் மிருகம். அதன் தோலில் தொப்பி செய்துகொள்ள திருச்சபை ஆயர்களும் கோமகன்களும் அடித்துக்கொள்வார்கள். வாலில் செதில் இருப்பதால் அது மீன் கணக்கில் சேர்த்தி என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்துவிட்டான். ஆகவே தவக்காலத்தில் எல்லா வீட்டுச் சட்டியிலும் பீவர் வால்தான் கொதிக்கும். எங்கள் லிபினிக்கும் எதிர்க்கரை ஓல்ஷாவுக்கும் நடுவே பிலிட்சா ஆற்றில் வந்து கலக்கிற ஓடை ஒன்று இருக்கிறது. அதில்தான் இந்தப் பிராணிகளின் குடித்தனம். மரத்தைக் கடித்துச் சாய்த்து அணை கட்டும், தண்ணீர் பரவும், எல்லைக்கல் முழுகிப்போகும். உடனே ஓல்ஷாவின் தலைவன் ஷெகோதா, ஓடை என்னுடையது என்பான். என் அண்ணன், உன் தாத்தாவுடையதுகூட இல்லை என்பார். மறுவாரம் யாருடைய வைக்கோற்போராவது எரியும். மூன்று கோடை இப்படியே போனது. கடைசியில் அண்ணன் மகன் மீரோஷ், அவர்கள் வைத்த பொறியைத் திருடப் போய், கையும் பொறியுமாகப் பிடிபட்டான்.

நியாயம் கேட்டு யாரிடம் போவது? கிராகோவில் இந்த வாரம் எந்தக் கோமகன் உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாத காலம் அது. ஆகவே ஆண்கள் கூடி, எப்போதும் கண்டுபிடிக்கிற அதே வழியைக் கண்டுபிடித்தார்கள். பெண்டாட்டியை இழந்த ஷெகோதாவுக்கு நவோயாவைக் கொடுப்பது. ஓடை இரண்டு வீட்டுக்கும் பொது. கல்யாணத்தன்று மீரோஷ் வீடு திரும்புவான். கல்யாணம் நடக்காவிட்டால் மீரோஷ் ஷெகோதாவோடு திரும்பிப் போவான், வைக்கோல் மறுபடி எரியும். இரண்டு பேரும் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்தார்கள். நவோயாவுக்குப் பதினேழு வயது. ஷெகோதா நாற்பதைத் தாண்டி எத்தனையோ வருஷம்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு திட்டு திட்டிக் கண்ணைத் துடைத்துவிட்டிருப்பேன். அவள் பாட்டுக்குக் களஞ்சியத்தில் பட்டாணியைப் புடைத்துக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"அத்தை, அங்க போய் நான் என்ன செய்யணும்?"

"பிள்ளை பெறணும், சாவியை வாங்கணும்."

"முதல்ல எது?"

"சாவி."

சிரித்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மீரோஷ் வந்துட்டான்னா போதும் அத்தை. நான் எங்க வேணா இருந்துக்குவேன்."

அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளை அனுப்ப எனக்குத் துளியும் மனமில்லை. கல்யாணமாகிப் போனால் மாதம் ஒரு முறை ஆற்றைத் தாண்டி வருவாள் என்று அண்ணன் சொல்வார். நான் போன இடங்களிலும் ஆறு இருந்தது. ஒரு முறைகூட யாரும் என்னைத் தாண்டவிடவில்லை. ஷெகோதா கெட்டவன் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் கெட்டவன் இல்லை என்பதற்காகவா ஒருத்தியைக் கட்டிக்கொடுப்பார்கள்?

அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். அன்று காலையில் பெண்களெல்லாம் கூடி, பாட்டுப் பாடிக்கொண்டே நவோயாவின் சடையைப் பிரித்தோம். கன்னிப்பெண்ணின் சடை கல்யாணத்தன்று பிரிகிறது. அதன் பிறகு ஆயுசுக்கும் முக்காடுதான். முடியை முதுகில் விரித்துவிட்டு, தலையில் அருவதாப் பச்சிலையில் கட்டிய வளையத்தை வைத்தோம். கண்ணுக்கு நிறைவாக இருந்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

சற்று நேரத்தில் ஓல்ஷாக்காரர்கள் படகில் வந்து இறங்கினார்கள். முதலில் குதித்தது மீரோஷ். ஈஸ்டருக்கு முன்னால் பிடிபட்டபோது குச்சி மாதிரி இருந்தவன். இப்போது கன்னம் உப்பி, இடைவார் இரண்டு துளை தள்ளிப் போயிருந்தது.

"ஏண்டா, சிறையில இருந்தியா, பன்னிக் கொட்டில்ல இருந்தியா?" என்றேன்.

"அவங்க வீட்டு அப்பம் நல்லாருக்கும் அத்தை," என்றான் வெட்கமே இல்லாமல். அவனுடைய இரண்டு பக்கமும் ஷெகோதாவின் ஆட்கள் நின்றார்கள். கல்யாணம் முடிகிறவரை அவன் அவர்கள் பொறுப்பு.

ஷெகோதா ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து வந்தான். புதுச்சட்டை கழுத்தைப் பிடிக்கிறது போலிருக்கிறது, அடிக்கொரு தரம் விரலை விட்டு இழுத்துக்கொண்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக ஒரு சிறுமி. அவனுடைய ஒரே மகள், ஓஃப்கா. தாயில்லாப் பிள்ளை, ஏழெட்டு வயதிருக்கும்.

கல்யாணத்தை நடத்த ஆயரே வந்திருந்தார். எங்கள் பக்கம் ஆயர் வருவது வால்நட்சத்திரம் வருவது மாதிரி. வந்த ஆயர் விடுவாரா? ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் வாங்காத பிள்ளைகள் எல்லோரையும் முதலில் கொண்டுவாருங்கள், கல்யாணம் பிறகு என்றுவிட்டார். சுற்றுவட்டாரமே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோயிலில் வந்து குவிந்தது. தாடி வளர்ந்த பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ வேண்டும்; பெற்றவர்கள் நிற்கக் கூடாது. பிள்ளை தன் வலது பாதத்தை ஞானத்தாயின் பாதத்தின் மேல் வைத்து நிற்க, ஆயர் நெற்றியில் தைலம் பூசி, கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு நெற்றியில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டையைக் கட்டிவிடுவார்கள்.

ஓஃப்காவுக்கும் அன்றே செய்துவிடலாம் என்று ஷெகோதா ஏற்பாடு செய்திருந்தான். ஞானத்தாயாக நிற்கவே அவனுடைய அக்கா படகில் வந்திருந்தாள். வந்தவள் எங்கள் வீட்டுப் புகைபோட்ட விலாங்கு மீனைக் கண்டதும், கல்யாணச் சாப்பாடு வரை பொறுக்காமல், ஒரு தட்டை ஒற்றை ஆளாகக் காலி செய்திருக்கிறாள். பூசை மணி அடித்தபோது அந்த அம்மாள் தொழுவத்துக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பணிப்பெண் போய் ஷெகோதாவிடம் சொன்னாள். ஷெகோதாவும் என் அண்ணனும் அப்போது கூடத்தில் உட்கார்ந்து, பீவர் இந்த ஓடையை விட்டு வேறு ஓடைக்குக் குடிபோனால் அது யாருக்குச் சேரும் என்று மேசையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஷெகோதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்ல குடும்பத்துப் பொம்பளையா யாரையாவது பிடிச்சு நிக்க வைம்மா," என்றான். கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த நான் என் காதால் கேட்டேன்.

அதற்குள் நவோயா பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோயிலுக்குள்ளேயே முழங்காலில் இருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோன நான் தூண் ஓரமாக நின்றேன். வரிசை நகர்ந்தது. ஓஃப்காவின் முறை வந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அவரு அறைவாராம்! மீரோஷ் சொன்னான், பல்லு விழற மாதிரி அறைவாராம்!"

இந்தக் கடன்காரன் அங்கே சாப்பிட்ட சாப்பாட்டுக்குச் செய்த வேலை இது! ஆயரோடு வந்த குருவானவர், வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பொறுமை இழந்து, "யாரும்மா ஞானத்தாய்? சீக்கிரம் வாங்க!" என்று கத்தினார். பணிப்பெண் திருதிருவென்று விழித்தாள். நவோயா எழுந்தாள். நேராகப் போய்க் குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் பாவாடை நுனியால் அதன் மூக்கைத் துடைத்தாள்.

"மீரோஷ் என் தம்பி. அவன் வாயில வர்றது எல்லாம் புளுகு. இங்க பாரு, என் கால் மேல உன் காலை வை. அவர் அறைஞ்சா நான் திருப்பி அறையிறேன், சரியா?"

"ஆயரையா?"

"ஆயரைத்தான்."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தன் சின்னப் பாதத்தை அவள் பாதத்தின் மேல் வைத்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என் இரண்டாவது கணவரின் ஊரில் ஒருவன் இருந்தான். ஒரு விதவையைக் கட்டியிருந்தான். அவள் சலித்துப்போனதும், அவளுடைய முதல் புருஷனுக்குப் பிறந்த பையனைக் கூட்டிப்போய், ஆயர் முன்னால் தானே ஞானத்தகப்பனாக நின்றுவிட்டான். அன்றோடு அவளும் அவனும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள், இனி ஒரு கூரையின் கீழ் வாழ முடியாது என்று சொல்லிக் கைகழுவினான். பிள்ளையைப் பெற்றவருக்கும் ஞானத்தாய்க்கும் உண்டாகிற உறவு அப்படிப்பட்டது. அது ரத்தத்துக்குச் சமம். ஓஃப்காவுக்கு ஞானத்தாயாக நிற்கிறவள் ஓஃப்காவின் அப்பனைக் கட்ட முடியாது.

நவோயாவுக்கு இது தெரியாது. அந்தப் பச்சைக் குழந்தை அழுதது, போனாள், அவ்வளவுதான். நான் இரண்டே எட்டில் போய் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். கால் தரையிலிருந்து கிளம்பவில்லை. மீரோஷின் உப்பிய கன்னம் கண்முன் வந்தது, எரிகிற வைக்கோல் வந்தது. அவள் குந்தி உட்கார்ந்து அந்த மூக்கைத் துடைத்த விதமும் கண்முன்னாலேயே இருந்தது. ஆயரின் கட்டைவிரல் தைலத்தில் நனைந்து குழந்தையின் நெற்றிக்குப் போனது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் வாயைத் திறந்து செய்த காரியங்கள் நிறைய உண்டு. மூடிக்கொண்டு செய்ததிலே இதைப்போல ஒன்று கிடையாது, இன்றுவரை இதற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

ஆயர் கன்னத்தில் தட்டியது ஈ உட்கார்ந்தது மாதிரி இருந்தது. ஓஃப்கா ஏமாந்துபோனாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

நடுப்பகலில் கோயில் வாசலில் எல்லோரும் கூடினோம். கல்யாணம் வாசலில்தான் நடக்கும், பூசை பிறகுதான் உள்ளே. அண்ணன் நல்ல அங்கியும் நரித்தோல் தொப்பியுமாக மலர்ந்து நின்றார். ஷெகோதா கழுத்தை இழுத்துக்கொண்டான். எதிர்க்கரைப் பிரபுக்கள், இந்தக் கரைப் பிரபுக்கள், அண்டைக் கோட்டை வார்ஷ் பிரபுவும் அவர் மகனும், எல்லோரும் இருந்தார்கள். எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் சொல்வது என்று நான் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயர் கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைப் பார்த்து, "இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்குன்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இப்பச் சொல்லுங்க," என்றார்.

வழக்கமாக அப்போது யாராவது இருமுவார்கள். அன்று யாரும் இருமவில்லை. ஓஃப்காதான் நவோயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு, ஊருக்கே கேட்கிற மாதிரி பெருமையாகச் சொன்னாள்: "இவங்க என் ஞானத்தாய்! எனக்காக ஆயரை அறையிறேன்னு சொன்னாங்க!"

கூட்டம் சிரித்தது. ஆயர் சிரிக்கவில்லை.

"என்ன சொன்னே, குழந்தே?"

"இவங்க கால் மேலதான் நான் கால் வச்சேன்."

ஆயர் நவோயாவைக் கிட்டே கூப்பிட்டு உற்றுப் பார்த்தார். "காலையில நின்னது நீயா, மகளே?"

"ஆமா, ஆண்டகை. குழந்தை அழுதுச்சு. ஏன், தப்பா?"

"தப்பில்ல." ஆயர் பெருமூச்சு விட்டுக் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "ஆனா கல்யாணம் இல்ல."

அதற்குப் பிறகு நடந்த கூச்சலில் கோயில் கூரையில் இருந்த புறா அத்தனையும் பறந்துபோயின. ஆயர் விளக்கினார். அண்ணனுக்குக் காதில் ஏறவில்லை. குழந்தையின் நெற்றியைக் காட்டிக் கத்தினார்: "அந்தப் பட்டையை அவிழ்த்துடுங்க, முடிஞ்சுது! துணிதானே?"

"அது துணியில இல்ல, பகோஸ்லாவ்."

"அப்ப தைலத்தைத் துடைங்க!"

"உங்க ஞானஸ்நானத் தண்ணி காஞ்சு எத்தனை வருஷமாச்சு? நீங்க இன்னும் கிறிஸ்தவர்தானே?" என்றார் ஆயர்.

ரோமாபுரிக்கு எழுதிச் சலுகை கேட்கலாம் என்று குருவானவர் மெதுவாகச் சொன்னார். பதில் வர எவ்வளவு நாளாகும் என்று யாரோ கேட்டார்கள். போப்பாண்டவர் உயிரோடிருந்தால் இரண்டு வருஷம், இல்லாவிட்டால் சொல்ல முடியாது என்றார். ஓல்ஷாவின் ஆட்கள் இரண்டு பேர் மீரோஷின் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். எங்கள் ஆட்கள் முன்னால் நகர்ந்தார்கள். நவோயாவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னாலயா அத்தை? என்னாலயா?" என்று என் கையைப் பற்றினாள். நான் இத்தனை நேரம் மூடியிருந்த வாயைத் திறந்தேன்.

"நிறுத்துங்க எல்லாரும்! ஷெகோதா ஐயா, காலையில கூடத்துல என்ன சொன்னீங்க? நல்ல குடும்பத்துப் பொம்பளையா ஒருத்தியைப் பிடிச்சு நிக்க வைன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்," என்றான் ஷெகோதா.

"எங்க குடும்பம் நல்ல குடும்பமா இல்லையா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்பு என்று அவனுக்குத் தெரிந்தது. "நல்ல குடும்பம்தான்," என்றான்.

"சரி. இந்தக் கல்யாணம் எதுக்கு? ரெண்டு வீடும் உறவாகணும்னுதானே? அண்ணே, நீங்க சொல்லுங்க, வேற எதுக்காவதா?"

அண்ணன் முறைத்தார். "உறவுக்குத்தான்."

"என்னை ரெண்டு தடவை உறவுக்காகக் கொடுத்தீங்க. முதல் புருஷனைப் புதைச்ச அன்னிக்கே அவன் தம்பிங்க நம்ம படகை அவிழ்த்துட்டுப் போனாங்க. ஆள் போச்சு, உறவும் போச்சு. கல்யாண உறவோட லட்சணம் அவ்வளவுதான். பிரசவத்துல அவ செத்தா முடிஞ்சுது, போர்ல இவர் செத்தா முடிஞ்சுது." ஆயர் பக்கம் திரும்பினேன். "ஆண்டகை, இவ இந்தக் குழந்தைக்கு ஞானத்தாய். இதை அவிழ்க்க யாராலயாவது முடியுமா?"

"முடியாது மகளே. போப்பாண்டவரே வந்தாலும் இவ ஞானத்தாய் இல்லன்னு சொல்ல முடியாது."

"ஷெகோதா ஐயா செத்தா?"

"அப்பவும் ஞானத்தாய்தான்."

"நான் ஏன் சாகணும்?" என்றான் ஷெகோதா.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன், இருங்க. இனி நீங்க எங்க வைக்கோலைக் கொளுத்தினா அது உங்க மகளோட தாய் வீட்டு வைக்கோல். எங்க அண்ணன் உங்க ஓடையைத் தொட்டா அது அவர் பேத்தியோட ஓடை. நீங்க கேட்ட உறவைவிடக் கெட்டியான உறவு காலையிலேயே கட்டியாச்சு. அதையும் ஆயர் கையாலயே கட்டியாச்சு. இன்னும் எதுக்கு அந்தப் பையன் கையை முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

ஷெகோதா தன் மகளைப் பார்த்தான். ஓஃப்கா நவோயாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா, இவங்களை அடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

ஷெகோதா சட்டைக் கழுத்தின் பொத்தானை அவிழ்த்தான். பிறகு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு ஆளே குலுங்கினான்.

"பகோஸ்லாவ், உண்மையைச் சொல்லட்டா? உன்னைவிட எனக்கு ரெண்டு வயசு கூட. உன்னைப் போய் 'மாமா'ன்னு கூப்பிடணுமேன்னு ஈஸ்டர்லேர்ந்து எனக்குச் சோறு இறங்கல!"

அண்ணனின் மீசை துடித்தது. சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் மட்டும்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "எனக்கு மட்டும் இறங்குச்சா?" என்றார் கடைசியில். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆயர் நற்செய்தி நூலை நீட்டினார். இருவரும் அதன் மேல் கை வைத்து, இன்று முதல் உறவு என்றும், ஓடை பொது என்றும் சத்தியம் செய்தார்கள். பீவர் வேறு ஓடைக்குக் குடிபோவதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

மீரோஷின் கைகளை விட்டார்கள். நவோயா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள், அடுத்த நொடியே புளுகியதற்காக அவன் காதைத் திருகினாள். "ஆ! என்னைத் திரும்ப அங்கயே அனுப்பிடுங்க!" என்று கத்தினான் அவன்.

சமைத்த விருந்து இருக்கிறதே, அதை என்ன செய்வது? ஓஃப்காவின் உறுதிபூசுதல் விருந்து என்று பெயர் மாற்றினோம். வாத்துகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் பெண்களுக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது. கல்யாணத்தன்று சடையைப் பிரிக்கப் பாட்டு இருக்கிறது. பிரித்த சடையைத் திரும்பப் பின்ன எந்தப் பாட்டும் இல்லை; அப்படி ஒன்று எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. பிறகு, பிரிக்கும்போது பாடிய பாட்டையே கடைசி அடியிலிருந்து முதல் அடிக்குப் பாடிக்கொண்டு பின்னினோம். ஒன்றும் விளங்காத பாட்டு. நான் பின்னியதைவிடச் சிரித்ததுதான் அதிகம். பின்னி முடித்ததும் நவோயா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, சடை முதுகில் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

கூடத்தில் மேசைகள் நிரம்பின. வாத்து, பட்டாணி, தினைச்சோறு, கசகசாத் தேன் பணியாரம், பீப்பாய் பீப்பாயாகத் தேன்மது. குழலும் முரசும் வந்தன. ஷெகோதாவின் அக்கா வயிறு தேறி வந்து உட்கார்ந்து, முதல் காரியமாக விலாங்கு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள். ஓஃப்கா நவோயாவின் மடியிலிருந்து இறங்கவே இல்லை.

நான் அடுத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அண்ணனைப் பார்த்தேன். அவர் வார்ஷ் பிரபுவின் காதருகே சாய்ந்திருந்தார். அந்தச் சாய்மானம் எனக்குப் பழக்கமானது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் சாய்வார். வார்ஷ் பிரபுவின் நிலத்தில் நல்ல ஓக்குக்காடு இருந்தது. அவருடைய மகன், பதினாலு வயதுப் பையன், எதிரில் உட்கார்ந்து முகவாயெல்லாம் குழம்பு வழிய ஒரு வாத்துக் காலைக் கடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் ஒரு கல்யாணம் கைவிட்டுப் போய்ச் சாப்பாடுகூடச் செரிக்கவில்லை!

"இன்னிக்கு நல்ல நாள். வந்த கூட்டமும் இருக்கு, ஆயரும் இருக்காரு," என்று ஆரம்பித்தார். "என் மக நவோயாவை வார்ஷ் பிரபுவோட மகனுக்கு…"

"இரு பகோஸ்லாவ்."

ஷெகோதா எழுந்தான். மது உள்ளே போயிருந்தது, ஆனால் கால் ஊன்றித்தான் நின்றான்.

"என் மகளோட ஞானத்தாயைக் கொடுக்கிறதுன்னா உறவுக்காரன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இன்னிக்குத்தான் சத்தியம் பண்ணோம்."

அண்ணனுக்கு எரிச்சல். இருந்தாலும் கூடத்தில் பாதிப் பேர் ஓல்ஷாவின் ஆட்கள். "சரி, இப்பச் சொல்லிட்டேன். நீ என்ன சொல்றே?"

"நான் என்னத்தைச் சொல்றது? கட்டிக்கப் போறது நானா?" ஷெகோதா மேசையின் மறுபக்கம் திரும்பினான். "நவோயாம்மா, இந்தப் பையனைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?"

குழல் நின்றது. என் கையில் இருந்த பாத்திரம் கனத்தது. இந்தக் கூடத்தில் என் அத்தைகளைக் கொடுத்திருக்கிறார்கள், என் அக்காவைக் கொடுத்திருக்கிறார்கள், என்னை இரண்டு முறை கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை இங்கே யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டவன் காலையில் அவளுக்குக் கணவனாக வந்து இறங்கியவன்! பதில் என்னவாக இருந்தாலும் சரி, கேட்டானே, அது போதும் என்று தோன்றியது.

நவோயா அந்தப் பையனைப் பார்த்தாள். பையன் அவசரமாக முகவாயைத் துடைத்தான், துடைத்ததில் குழம்பு காதுவரை போனது. பிறகு அவள் தன் அப்பாவைப் பார்த்தாள், ஷெகோதாவைப் பார்த்தாள். அவள் கன்னம் சிவந்தது; குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"இஷ்டமில்ல. இஷ்டம் வந்தா நானே சொல்லி அனுப்புறேன்."

"கேட்டியா பகோஸ்லாவ்?" என்று ஷெகோதா உட்கார்ந்தான்.

வார்ஷ் பிரபுவின் மகன்தான் எல்லோரையும்விட நிம்மதியாக அடுத்த காலை எடுத்தான். ஆயர் தன் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அண்ணன் கோப்பையும் கையுமாக, பாதி வாக்கியத்தில் நின்றார். உதவிக்கு யாராவது இருக்கிறார்களா என்று கூடம் முழுவதும் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தார்.

நான் போய், இருப்பதிலேயே கொழுத்த துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

"உக்காருங்க அண்ணே. சாப்பாடு ஆறுது."